44343 எப்படி 5கர3 ஆகிறது: எண்ணைக் குறுங்குறியாக்கும் வழிகாட்டி

எங்கள் தெருத் தையல்கடை அக்காவுக்கு ஒரு சின்ன பில் நிரல் எழுதிக் கொடுத்தேன். துணி வந்ததும் ஒரு பில் எண் விழும். அதே எண்ணைத் துணியோடு ஊக்கு குத்தும் துண்டுச் சீட்டிலும் எழுத வேண்டும். சீட்டில் நான்கு கட்டங்கள்தான் அச்சடித்திருந்தார்கள். பில் எண்ணோ எப்போதோ ஐந்து இலக்கத்தைத் தொட்டுவிட்டது. ஐந்தாவது இலக்கத்தைக் கட்டத்துக்கு வெளியே கிறுக்குவார்கள், ஊக்கு குத்தும் இடத்தில் அது கிழிந்துபோகும். கட்டுக் கட்டாகச் சீட்டு மிச்சம் இருந்ததால் அதைத் தூக்கிப்போடவும் மனமில்லை.

நான்கு கட்டத்தில் 0 முதல் 9 வரை மட்டும் எழுதினால் பத்தாயிரம் பில்தான் அடங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டால்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். இணைய முகவரியைச் சுருக்கும் சேவைகள், யூடியூப் வீடியோவின் 11 எழுத்து அடையாளம், விமான டிக்கெட்டின் ஆறு எழுத்துக் குறி என்று நீங்கள் தினமும் பார்க்கும் குறுங்குறிகளில் பலவற்றை இந்தப் பாதையில் நடந்தால் புரிந்துகொள்ளலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்திருந்தால் போதும். கணக்கு எளிதுதான். எந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

முதலில் அடிமானம்

343 என்று எழுதும்போது முதல் 3-க்கும் கடைசி 3-க்கும் மதிப்பு வேறு. நிற்கும் இடம்தான் மதிப்பைத் தீர்மானிக்கிறது. பழைய தமிழ் எண்முறையில் இதையே ௩௱௪௰௩ என்று எழுதினார்கள். நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி இருந்தது. இடமதிப்பு வந்ததும் ௱, ௰ தேவையில்லாமல் போய், ஐந்து குறி மூன்றாகச் சுருங்கியது.

நாம் பழகிய முறையில் இடத்துக்கு இடம் மதிப்பு பத்து மடங்கு ஏறும். அதனால் அது அடிமானம் 10. பத்துக்குப் பதில் இருபது மடங்கு ஏறட்டும் என்று வைத்துக்கொண்டால் அடிமானம் 20. அப்போது ஒரு கட்டத்தில் எழுத இருபது வெவ்வேறு குறிகள் வேண்டும். நான்கு கட்டத்தில் 20×20×20×20, அதாவது 1,60,000 எண்கள் அடங்கும். பத்தாயிரம் எங்கே, ஒரு லட்சத்து அறுபதாயிரம் எங்கே!

படி 1: எழுத்துப் பட்டியல் போடுங்கள்

தையல்கடைக்கு நான் போட்ட பட்டியல் இது:

0 1 2 3 4 5 6 7 8 9 க ச ட த ப ம ய ர ல வ

இடமிருந்து வலமாக 0-இலிருந்து எண்ணிக்கொண்டே போனால் க-வின் மதிப்பு 10, ச 11, ட 12, த 13, ப 14, ம 15, ய 16, ர 17, ல 18, வ 19. நிரலில் இது வெறும் ஒரு சரம், அதாவது ஸ்ட்ரிங். அந்தச் சரத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுதான் அந்த எழுத்தின் மதிப்பு. உங்கள் வேலைக்கு ஆங்கில எழுத்துகள் வேண்டுமென்றால் பட்டியலை மட்டும் மாற்றுங்கள், இனி வரும் படிகள் அப்படியே பொருந்தும்.

படி 2: எண்ணிலிருந்து எழுத்துக்கு

முதலில் தாளும் பேனாவும் எடுத்துக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நேராக நிரலுக்குப் போனவர்களுக்குப் பின்னால் பிழை வரும்போது எங்கே தேடுவது என்று தெரியாது.

44343-ஐ 20-ஆல் வகுக்கிறோம். ஈவு 2217, மீதி 3. மீதியை எழுதி வைத்துக்கொண்டு ஈவை மறுபடி வகுக்கிறோம்.
2217-ஐ 20-ஆல் வகுத்தால் ஈவு 110, மீதி 17. பட்டியலில் 17 என்பது ர.
110-ஐ வகுத்தால் ஈவு 5, மீதி 10. அது க.
5-ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 5. ஈவு பூஜ்யமானதும் நிறுத்தலாம்.

கிடைத்த மீதிகள் வரிசையாக 3, ர, க, 5. முதலில் கிடைத்தது ஒன்றின் இடம், கடைசியில் கிடைத்தது மிகப் பெரிய இடம். எனவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: 5கர3.

இதை நிரலாக்கினால் இப்படி இருக்கும்:

எழுத்துகள் = "0123456789கசடதபமயரலவ"

செயல்பாடு சுருக்கு(எண்):
    எண் = 0 என்றால் "0" பின்கொடு
    விடை = ""
    எண் > 0 ஆக இருக்கும்வரை:
        மீதி = எண் % 20
        விடை = எழுத்துகள்[மீதி] + விடை
        எண் = எண் // 20
    விடை பின்கொடு

பின்கொடு என்றால் விடையைத் திருப்பிக் கொடு. % என்பது மீதி, // என்பது பின்னம் இல்லாத ஈவு. பைத்தானில் இந்த இரண்டு குறிகளும் இப்படியேதான். பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் மேலே உள்ளதில் கட்டளை வரிகளைப் பைத்தான் நடைக்கு மாற்றினால் ஓடும். புதிய எழுத்தை விடைக்கு முன்னால் ஒட்டுகிறோம், பின்னால் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீழிருந்து மேலாகப் படிக்கும் வேலையை அந்த ஒரு வரிதான் செய்கிறது. பின்னால் ஒட்டினால் 5கர3-க்குப் பதில் 3ரக5 வரும், சரியான விடையைக் கண்ணாடியில் பார்த்தது போல.

படி 3: எழுத்திலிருந்து எண்ணுக்கு

இப்போது திரும்பி வர வேண்டும். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே, இதுவரை சேர்ந்ததை 20-ஆல் பெருக்கிப் புதிய எழுத்தின் மதிப்பைக் கூட்டினால் போதும்.

0×20 + 5 = 5
5×20 + 10 = 110
110×20 + 17 = 2217
2217×20 + 3 = 44343

நடுவில் வரும் 5, 110, 2217 மூன்றையும் பாருங்கள். படி 2-இல் ஈவாக இறங்கிய அதே எண்கள் இங்கே தலைகீழ் வரிசையில் ஏறி வருகின்றன. போன படிக்கட்டிலேயே திரும்பி வருகிறோம். எனக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனதே இதைப் பார்த்த பிறகுதான்.

செயல்பாடு விரி(குறி):
    மொத்தம் = 0
    குறியின் ஒவ்வொரு எழுத்துக்கும்:
        இடம் = எழுத்துகளில் அந்த எழுத்து இருக்கும் இடம்
        இடம் கிடைக்காவிட்டால் பிழை என்று சொல்லி நிறுத்து
        மொத்தம் = மொத்தம் × 20 + இடம்
    மொத்தம் பின்கொடு

பிழை சொல்லி நிறுத்தும் வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல நிரல்மொழிகளில் தேடிக் கிடைக்காத எழுத்துக்கு -1 என்று விடை வரும். அதை அப்படியே கூட்டினால் தவறான எண் கிடைக்கும், நிரலோ சத்தமே போடாது. தவறான எண் என்றால் வேறொருவருடைய ரவிக்கை.

ஆயத்தமாக உள்ள வசதிகள்

அடிமானம் 36 வரை, அதாவது 0 முதல் 9, ஏ முதல் இசட் வரை போதும் என்றால் பல மொழிகளில் நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் எண்ணின் டூஸ்ட்ரிங் செயல்பாட்டுக்கு 36 என்று கொடுத்தால் குறி வந்துவிடும், பார்ஸ்இன்ட் அதைத் திருப்பித் தரும். ஜாவாவிலும் கோ மொழியிலும் இரு பக்கமும் உண்டு. பைத்தானில் குறியிலிருந்து எண்ணுக்கு வர இன்ட் செயல்பாடு 36 வரை ஏற்கும். எண்ணிலிருந்து குறிக்குப் போகத்தான் அதில் வழியில்லை, மேலே எழுதிய சுருக்கு மாதிரி ஒன்றை நீங்களே எழுத வேண்டும்.

பார்ஸ்இன்ட்டிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரியாத எழுத்து வந்தால் அதுவரை படித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு விடை சொல்லிவிடும். நான்கெழுத்துக் குறியில் மூன்றாவது எழுத்து தவறாக இருந்தால் முதல் இரண்டெழுத்தின் மதிப்பு வரும், பிழை வராது. எனவே அதனிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

புதியவர்கள் தடுக்கும் நான்கு இடங்கள்

பூஜ்யம். எண் 0 என்றால் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, ஒருமுறைகூட ஓடாது, வெற்றுச் சரம் வரும். அதனால்தான் படி 2-இல் முதல் வரியே பூஜ்யத்துக்கானது.

எதிர்ம எண். லூப்பின் நிபந்தனையை "எண் பூஜ்யம் ஆகாதவரை" என்று எழுதியிருந்து -7 வந்துவிட்டால், பைத்தானில் நிரல் நிற்கவே நிற்காது. அங்கே // எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்கும். -7 // 20 = -1, அப்புறம் -1 // 20 மறுபடியும் -1, இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் மீதியே -7 என்று வரும், பட்டியலில் அப்படி ஓர் இடம் கிடையாது. எதிர்ம எண் உங்களுக்குத் தேவையில்லை என்றால் உள்ளே வரும்போதே மறுத்துவிடுங்கள்.

ஒற்றைச் சாய்கோடு. // போட வேண்டிய இடத்தில் / போட்டால் ஈவு பின்னமாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் // என்ற வகுத்தலே கிடையாது, வகுத்த பிறகு பின்னத்தை வெட்ட வேண்டும்.

பெரிய எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9,00,71,99,25,47,40,991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் மாறிப்போகும், குறியும் கூடவே மாறும். தரவுத்தளத்திலிருந்து 64 பிட் எண்கள் வந்தால் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் இந்தக் கவலை இல்லை.

எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் கலை

கர்நாடக இசை படித்தவர்களுக்குக் கடபயாதி தெரிந்திருக்கும், எழுத்துகளுக்கு எண் மதிப்பு தரும் பழைய முறை அது. 72 மேளகர்த்தா ராகங்களின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் படித்தால் அந்த ராகத்தின் வரிசை எண் கிடைக்கும். மேசகல்யாணியில் மே என்பது 5, ச என்பது 6, திருப்பினால் 65. கல்யாணிக்கு முன்னால் மேச ஒட்டிக்கொண்டது இந்தக் கணக்குக்காகத்தான். ஒன்றின் இடம் முதலில் வருவதும், திருப்பிப் படிப்பதும் நம் மீதிக் கணக்கு போலவே இருக்கிறது.

கீரவாணி 21-வது மேளம். கீ 1, ர 2, திருப்பினால் 21. சரி. கரஹரப்ரியா 22-வது மேளம். ஆனால் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து கணக்குப் போட்டால் க 1, ர 2, மறுபடி 21 என்றுதான் வரும். ஏனென்றால் அந்தக் க வடமொழியின் இரண்டாவது க, அதன் மதிப்பு 2. தமிழ் எழுத்தில் நான்கு க-வும் ஒன்றுதான். தீரசங்கராபரணம் 29-வது. அதன் முதல் எழுத்து நான்காவது த, மதிப்பு 9. தமிழ்த் த-வை முதல் த என்று எடுத்துக்கொண்டால் மதிப்பு 6, விடை 26. அது சாருகேசியின் எண்! முறையில் குறை எதுவும் இல்லை. இரண்டு வெவ்வேறு குறிகள் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்துவிட்டன, அவ்வளவுதான்.

குறுங்குறி எழுதும் ஒவ்வொருவருக்கும் இதே ஆபத்து உண்டு. ஆங்கில எழுத்தில் ஓ-வும் 0-வும், ஐ-யும் சின்ன எல்-லும் 1-உம் ஒன்றுபோல இருக்கும். டக்ளஸ் குரோக்போர்ட் என்ற நிரலாளர் வகுத்த 32 எழுத்துப் பட்டியலில் ஐ, எல், ஓ, யூ நான்கும் கிடையாது. யூ-வை எடுத்தது கெட்ட வார்த்தை தற்செயலாக அமைந்துவிடாமல் இருக்க. அதைவிட அழகானது திருப்பும் பக்கம்: யாராவது ஓ என்று தட்டினால் 0 என்றும், ஐ அல்லது எல் என்று தட்டினால் 1 என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எழுதும்போது கண்டிப்பு, படிக்கும்போது தாராளம். பிட்காயினின் 58 எழுத்துப் பட்டியலிலும் 0, பெரிய ஓ, பெரிய ஐ, சின்ன எல் நான்கும் இல்லை.

தமிழில் பட்டியல் போடும்போது நான் காதைத்தான் முதலில் நினைத்தேன். வாடிக்கையாளர்கள் போன் செய்து எண் சொல்வார்கள். ல, ள, ழ மூன்றையும் போனில் பிரித்துக் கேட்பது கஷ்டம், அதனால் ல மட்டும் வைத்தேன். ர, ற இரண்டில் ர. ந, ன, ண மூன்றையுமே விட்டேன். திருப்பும் பக்கத்தில் ள, ழ வந்தால் ல என்றும், ற வந்தால் ர என்றும் மாற்றிவிடச் சொன்னேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரத்திலேயே அக்காவிடமிருந்து போன். "தம்பி, ஐந்து கா மூன்று அப்படின்னு ஒருத்தர் சொல்றாங்க. தட்டினா பிழைன்னு வருது."

5கர3-ஐ அந்த அம்மா 5கா3 என்று படித்திருக்கிறார். சின்ன எழுத்தில் அச்சான பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன். க-வுக்குப் பக்கத்தில் நிற்கும் ர, கால் மாதிரியேதான் இருந்தது. காதை நினைத்தவன் கண்ணை மறந்துவிட்டேன். திருப்பும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: துணைக்கால் வந்தால் அதை ர என்று எடுத்துக்கொள். எங்கள் பட்டியலில் நெடில் எழுத்தே கிடையாது என்பதால் இதில் குழப்பம் வராது. இப்போது 5கா3 என்று தட்டினாலும் 44343 வரும்.

பட்டியலில் அகரமேறிய எழுத்துகளை மட்டும் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் க என்பது ஒரே குறிப்புள்ளி, அதாவது ஒரே எண். கா என்பது க, கால் என்று இரண்டு. கொ இன்னும் சிக்கல்: க-வோடு ஒற்றைக் குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று கணினி சொல்லும். உயிர்மெய்களைப் பட்டியலில் வைத்தே ஆக வேண்டும் என்றால் சரத்துக்குப் பதில் தனித்தனி உறுப்புகள் கொண்ட பட்டியலாக வையுங்கள், உள்ளே வரும் குறியை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்து வருவதை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் தனித்தனியாக எண்ணும் 62 எழுத்துப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொடுக்கிப் போகும் இணைப்புக்கு அது நல்லது. வாயால் சொல்லும் குறிக்கு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு எழுத்துக்கும் "கேபிடலா ஸ்மாலா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வழக்கமான அமைப்பில் பெரியதும் சின்னதும் ஒன்றாகவே ஒப்பிடப்படும். அங்கே 62 எழுத்துக் குறியைத் தனித்துவ விசையாக வைத்தால், வேறு வேறான இரண்டு குறிகளை ஒன்று என்று சொல்லி அது மறுக்கும்.

எத்தனை எழுத்து வேண்டும்

பட்டியலைப் பெரிதாக்கினால் குறி சுருங்கும், ஆனால் போகப் போக லாபம் குறையும். பத்து இலக்கக் கைபேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 20 எழுத்துப் பட்டியலில் அதற்கு 8 இடம் வேண்டும், 36-இல் 7, 62-இல் 6. 62-ஐ 64 ஆக்கினாலும் அதே 6-தான். ஆறு இடத்தில் 62 எழுத்து சுமார் 5,680 கோடி எண்களைத் தாங்கும், ஏழு இடத்தில் சுமார் 3.5 லட்சம் கோடி. ஒன்றிரண்டு எழுத்து மிச்சம் பிடிப்பதற்காகக் குழப்பமான எழுத்துகளைச் சேர்ப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

குறிகள் எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் வசதி. 7 என்ற எண்ணை 0007 என்று முன்னால் பூஜ்யம் நிரப்பி எழுதுங்கள், திருப்பும்போது அந்தப் பூஜ்யங்கள் தாமாகவே காணாமல் போகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. என் பட்டியலின் வரிசையும் யூனிகோடின் வரிசையும் ஒன்றே, அதனால் ஒரே நீளக் குறிகளை எழுத்து வரிசையில் அடுக்கினால் எண் வரிசையிலேயே நிற்கும். ஆனால் தொடக்கப் பூஜ்யத்துக்கே பொருள் இருக்கும் தரவு, உதாரணமாக 044 என்று தொடங்கும் தொலைபேசி எண், உண்மையில் எண் அல்ல. அதை இந்த வழியில் சுருக்கினால் அந்தப் பூஜ்யம் போய்விடும்.

சோதனை எழுத்து

ம, ய இரண்டும் கையெழுத்தில் ஒன்றுபோல இருக்கும். இரண்டுமே பட்டியலில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் தந்திரம் இங்கே செல்லாது. அதற்கு வழி, கடைசியில் ஒரு சோதனை எழுத்தைச் சேர்ப்பது. எண்ணை ஏதாவது ஒன்றால் வகுத்து மீதிக்கு உரிய எழுத்தை ஒட்டிவிடுங்கள். குறி திரும்பி வரும்போது மீதி பொருந்தவில்லை என்றால் எங்கோ தவறு.

எதால் வகுப்பது? 19 என்று முதலில் தோன்றும், பட்டியலிலேயே அதற்குப் போதுமான எழுத்து இருக்கிறது. அது பொறி. 20-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் மீதி என்பது எழுத்துகளின் கூட்டுத்தொகையை மட்டும் பொறுத்தது ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, தவறும் பிடிபடாது. 23 நல்ல தேர்வு. அது பகா எண், நம் அடிமானத்தைவிடப் பெரியது. ஒரு எழுத்து மாறினாலும் பிடிக்கும், அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு எழுத்துகள் இடம் மாறினாலும் பிடிக்கும். ஸ்பெயின் நாட்டின் அடையாள அட்டை எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் 23-ஆல் வகுத்த மீதிதான்.

23 மீதிகளுக்கு இன்னும் மூன்று எழுத்து வேண்டும். சோதனை இடத்துக்கு மட்டும் ந, ஜ, ஹ சேர்த்தேன், மதிப்பு 20, 21, 22. 44343-ஐ 23-ஆல் வகுத்தால் மீதி 22, எனவே 5கர3ஹ. யாராவது 5ரக3ஹ என்று சொன்னால் 5ரக3-இன் மதிப்பு 47003, அதன் மீதி 14, அதற்கு உரிய எழுத்து ப. ஹ-வோடு பொருந்தவில்லை, நிரல் மறுத்துவிடும். சீட்டில் நான்கு கட்டத்தில் நான்கெழுத்து, வாடிக்கையாளர் பில்லில் ஐந்தெழுத்து என்று வைத்துக்கொண்டோம். நம் ஆதார் எண்ணின் 12-வது இலக்கமும் இப்படிப்பட்ட சோதனை இலக்கம்தான், அங்கே வெர்ஹோஃப் என்ற வேறு முறை.

வரிசை தெரியாமல் மறைக்க

44343-க்கு அடுத்தது 44344, குறி 5கர4. இதைப் பார்ப்பவர் அடுத்த குறியை ஊகித்துவிடலாம். இன்று ஒரு பில், அடுத்த வாரம் ஒரு பில் வாங்கினால் நடுவில் எத்தனை வியாபாரம் நடந்தது என்றும் கணக்கிடலாம். இதற்கு ஓர் எளிய வழி பெருக்கல். எண்ணை 9697-ஆல் பெருக்கி, 1,60,000-ஆல் வகுத்து, மீதியைக் குறியாக்குங்கள். திரும்பி வர 33-ஆல் பெருக்கி, 1,60,000-ஆல் வகுத்த மீதி. 33×9697 = 3,20,001 என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.

44343 முதலில் 74071 ஆகி 953ச என்று வரும். 44344 ஆனது 83768 ஆகி க988 என்று வரும். சரிபாருங்கள்: 74071×33 = 24,44,343. அதில் 24,00,000 போனால் மீதி 44,343. நீங்கள் வேறு எண் எடுப்பதாக இருந்தால் அது 2-ஆலோ 5-ஆலோ வகுபடக் கூடாது. வகுபட்டால் இரண்டு பில்லுக்கு ஒரே குறி வந்துவிடும்.

இது முகமூடி மட்டும்தான், பூட்டு அல்ல. அடுத்தடுத்த இரண்டு குறிகள் கிடைத்தால் கழித்துப் பார்த்தே 9697-ஐக் கண்டுபிடித்துவிடலாம். குறி தெரிந்தால் மருத்துவ அறிக்கை திறக்கும், பணம் நகரும் என்ற நிலை இருந்தால் இந்த வழியையே தொடாதீர்கள். அங்கே தற்செயலாக உருவாக்கிய நீண்ட குறியும், யார் கேட்கிறார் என்ற சரிபார்ப்பும் வேண்டும்.

சுருக்கம் யாருக்கு என்று பாருங்கள்

5கர3 கண்ணுக்கு நான்கெழுத்து. ஆனால் கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்தத் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், ஆக மொத்தம் 8 பைட். 44343 என்ற ஐந்து இலக்கங்களுக்கு 5 பைட்தான். இணைய முகவரியில் போட்டால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். குறுஞ்செய்தியிலும் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்துவிட்டால் 160 எழுத்து வரம்பு 70 ஆகிவிடும். எனவே சீட்டுக்கும் பேச்சுக்கும் தமிழ்ப் பட்டியல், இணைப்புக்கும் ஆங்கிலக் குறுஞ்செய்திக்கும் ஆங்கிலப் பட்டியல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் எண்ணையே சேமியுங்கள். காட்டும்போது மட்டும் குறியாக்கினால், நாளைக்குப் பட்டியலை மாற்றினாலும் பழைய தரவில் கை வைக்க வேண்டியிருக்காது.

பேஸ்64-ஐ இங்கே குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது பைட்டுகளை எழுத்தாக்கும் முறை. 44343 என்ற சரத்தை அப்படியே அதனிடம் கொடுத்தால் 5 பைட் 8 எழுத்தாக வீங்கும். எண்ணை முதலில் இரண்டு பைட்டாக்கிக் கொடுத்தால்தான் 3 எழுத்தும் ஒரு சமக்குறியும் வரும். இணைப்பில் போடுவதாக இருந்தால் கூட்டல் குறிக்கும் சாய்கோட்டுக்கும் பதில் கழித்தல் குறியும் அடிக்கோடும் வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

எக்செல்லையும் நினைவில் வையுங்கள். ஆங்கிலப் பட்டியலில் 4, ஈ, 7 என்று ஒரு குறி அமைந்து, கோப்பை எக்செலில் திறந்தால் அது 4 கோடி என்று படித்துவிடும். ஈ அங்கே பத்தின் அடுக்கு. அந்த நெடுவரிசையை உரை என்று முதலிலேயே குறித்துவிட வேண்டும், அல்லது பட்டியலிலிருந்து ஈ-யை நீக்கிவிட வேண்டும். நான் நீக்கிவிடுவேன், ஏனென்றால் கோப்பை யார் எப்படித் திறப்பார் என்பது நம் கையில் இல்லை.

கடைசிப் படி: முழுக்கச் சோதியுங்கள்

0 முதல் 1,59,999 வரை ஒவ்வொரு எண்ணையும் குறியாக்கி, திருப்பி, அதே எண் வருகிறதா என்று பாருங்கள். சாதாரண மடிக்கணினியில் இதற்கு நேரமே ஆகாது, எல்லாவற்றையும் சோதிக்க முடியும்போது நாலைந்தை மட்டும் சோதித்து விட்டுவிட வேண்டியதில்லை. வந்த குறிகளை ஒரு தொகுப்பில் போட்டு, சரியாக 1,60,000 வெவ்வேறு குறிகள் இருக்கின்றனவா என்றும் எண்ணிவிடுங்கள். அப்புறம் வெற்றுச் சரம், நடுவில் இடைவெளி, பட்டியலில் இல்லாத எழுத்து, ஐந்தெழுத்து எதிர்பார்க்கும் இடத்தில் ஆறெழுத்து ஆகியவற்றைக் கொடுத்து ஒவ்வொன்றும் பிழை என்று நிற்கிறதா என்று பாருங்கள்.

அதெல்லாம் முடிந்ததும் பத்துக் குறிகளை அச்சடித்து, நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் போனில் படிக்கச் சொல்லுங்கள். கேட்டதை நீங்கள் தட்டுங்கள். 5கா3 அங்கேதான் தெரியவரும்.